டைனோசர் எதனால் செத்தது? சேலத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அஸ்தம்பட்டியில் வீட்டு மாடியில் அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். கல்லூரியில் படித்தது ஜியாலஜி. மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு கல் வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம் இருக்கும், கிடாக் கொம்பு மாதிரி சுருண்டிருக்கும். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய மாமா, சக்கரத்துக்கு அடை கொடுக்க எடுத்த கல்லைப் பார்த்துவிட்டு "இது உனக்கு ஆகும்டா" என்று கொண்டுவந்து போட்டது. பிள்ளையைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் அதைக் கையில் எடுத்துப் புரட்டுவார்கள். ஐந்தே நிமிடத்தில் பேச்சு டைனோசருக்குப் போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை ஏற்காடு கூட்டிப்போகும் வேனிலும் இதே கதைதான்.

பதினைந்து வருடமாக ஏறக்குறைய ஒரே கேள்விகள். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், வம்பானவை பின்னால்.

இது என்னங்க சார், நத்தையா? கல்லுல செதுக்குனதா?

செதுக்கியது இல்லை. நத்தையும் இல்லை. அம்மோனைட் என்ற கடல் பிராணியின் ஓடு. மீன் மார்க்கெட்டில் கணவாய் பார்த்திருப்பீர்கள், அதற்குத் தூரத்துச் சொந்தம். என் கல்லில் ஒரு ஓரம் உடைந்திருக்கிறது. அங்கே பார்த்தால் உள்ளே சின்னச் சின்ன அறைகள், நடுவில் தடுப்புச் சுவர்கள், அறை நிறையக் கற்கண்டு போன்ற பளபளப்புப் படிகம். பிராணி கடைசி அறையில் குடியிருக்கும். பின்னால் இருக்கும் அறைகளில் காற்றை வைத்துக்கொண்டு மிதக்கும்.

சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய இந்தக் கூட்டம், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர் போன அதே சமயத்தில் போய்விட்டது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பலமுறை இதற்குத் திரும்பி வருவேன். செத்தது டைனோசர் மட்டுமில்லை. கடலுக்குள் இருந்ததும் செத்தது. மொத்தத்தில் உயிரினங்களில் முக்கால்வாசி காணாமல் போயின.

டைனோசர் செத்து எத்தனை வருஷம் ஆச்சு? மனுஷன் அப்ப இருந்தானா?

6.6 கோடி ஆண்டுகள். மனிதன் இல்லை. நம் இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். சேலத்திலிருந்து சென்னைக்கு 340 கிலோமீட்டர். டைனோசர் செத்த அன்று சேலத்தில் ரயில் ஏறினோம், இன்று சென்னையில் இறங்குகிறோம் என்று வைத்துக்கொண்டால், கடைசி ஒன்றரைக் கிலோமீட்டரில்தான் மனிதன் வண்டியில் ஏறுகிறான். பேசின் பிரிட்ஜ் தாண்டி, எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கும் நேரம்.

ஏற்காடு மலையில தோண்டுனா டைனோசர் எலும்பு கெடைக்குமா?

கிடைக்காது. எத்தனை அடி தோண்டினாலும் கிடைக்காது. சேர்வராயன் மலையின் கல் சார்னோகைட். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். டைனோசர் உலகத்துக்கு வந்ததே சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்தான். அதற்குள் இந்தக் கல் கிழடு தட்டிவிட்டது. எலும்பு கல்லாக மாற, ஆற்று வண்டலோ கடல் சேறோ அதன்மேல் படிந்து மூட வேண்டும். ஏற்காட்டுக் கல் அப்படிப் படிந்தது இல்லை. பூமிக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், எழுநூறு எண்ணூறு டிகிரிச் சூட்டில் வெந்த கல். மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போய், இது வெளியே வந்து நிற்கிறது.

கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரங்கட்டி, சாலைக்காக வெட்டிய பாறையைப் பாருங்கள். வெளியே பழுப்பாக இருக்கும். புதிதாக உடைந்த முகம் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியதுபோல மினுங்கும். சில இடங்களில் மிளகு அளவில் சிவப்புக் கார்னெட் இருக்கும். நம் வீட்டு அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் சொந்தக்காரக் கல் இது. பெயர்க் காரணம் வேடிக்கையானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு நம் பரங்கிமலைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லுக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்துவிட்டார். கல் நம்முடையது, பெயர் கல்லறைக்காரருடையது.

கல்லு இவ்ளோ கருப்பா இருக்கே, அப்ப சேர்வராயன் மலை எரிமலைதானுங்களே?

இல்லைங்க. கறுப்பாக இருப்பதெல்லாம் எரிமலைக் கல் இல்லை. எரிமலைக் குழம்பு மேலே வந்து வேகமாக ஆறினால் பொடிப்பொடியான படிகங்கள்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஏற்காட்டுக் கல்லில் படிகங்களை விரலால் தொட்டுக் காட்டலாம். ஆழத்தில் நிதானமாக உருவானதற்கு அதுதான் அடையாளம்.

ஜங்ஷன் பக்கம் மேக்னசைட் மலை வெள்ளை வெளேர்னு இருக்கே, சுண்ணாம்புதானே? சுண்ணாம்புன்னா இங்க கடல் இருந்திருக்கணும்ல?

நல்ல யோசனை, ஆனால் ஆள் மாறாட்டம். வெள்ளைக்காரர்களும் இதே தப்பைப் பண்ணி 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். சாக்பீஸ் சுண்ணாம்பு, நுண்ணிய கடல் உயிரிகளின் ஓடுகள் சேர்ந்து உண்டாவது. நம் ஊர் வெள்ளைக்கல் மேக்னசியம் கார்பனேட். அடி ஆழத்திலிருந்து வந்த டியூனைட் என்ற பாறையின் வெடிப்புகளில் கரியமில வாயு கலந்த நீர் ஓடி, நரம்பு நரம்பாகப் படிந்தது. அதில் ஒரு கிளிஞ்சலும் கிடையாது.

டைனோசர் அழிந்த காலத்துக்குக் கிரேட்டேசியஸ் என்று பெயர். இலத்தீனில் 'கிரேட்டா' என்றால் சுண்ணாம்பு. பெயரில் சுண்ணாம்பு மலை நமக்கு, அந்தக் காலத்து நிஜச் சுண்ணாம்புக்கல் அரியலூருக்கு. அதனால்தான் சிமென்ட் ஆலைகள் அங்கே வரிசை கட்டி நிற்கின்றன, என் மாமாவும் அங்கே லாரி ஓட்டினார்.

சரி சார், சுத்தி வளைக்காதீங்க. எது கொன்னுச்சு? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

பசி.

இதைச் சொன்னதும் எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். எரிகல் என்றோ எரிமலை என்றோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் இந்த விஷயத்தில் பாதிச் சண்டை, இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகிறது. ஆஸ்பத்திரியில் இறப்புப் படிவம் எழுதுவதைப் பார்த்திருக்கிறீர்களா? உடனடிக் காரணம் ஒரு வரி, அதற்கு வழிவிட்ட காரணம் அடுத்த வரி, கூடவே இருந்த நோய் இன்னொரு வரி. மாரடைப்பு என்று மேலே இருக்கும், இருபது வருடச் சர்க்கரை என்று கீழே இருக்கும். இரண்டும் பொய் இல்லை, ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளவும் இல்லை.

இங்கேயும் அப்படித்தான். இருட்டு, குளிர், பசி முதல் வரி. அதைத் தொடங்கிவைத்தது எது என்பது இரண்டாவது வரி. ஏற்கெனவே உடம்பு சரியில்லாமல் இருந்ததா என்பது மூன்றாவது. கீழே வரும் கேள்விகளில் எந்த வரியைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

எரிகல் விழுந்துச்சுன்னு யார் பாத்தா?

யாரும் பார்க்கவில்லை, களிமண்தான் சாட்சி. இத்தாலியில் குப்பியோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு நடுவில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் களிமண் பட்டை ஒன்று ஓடுகிறது. அதற்குக் கீழே கிரேட்டேசியஸ் காலத்து நுண்ணுயிரிகள், அதாவது நுண்ணிய கடல் உயிரிகளின் ஓடுகள், ஏராளம். மேலே போனால் ஏறக்குறைய காலி. வால்டர் ஆல்வாரெஸ் என்ற நிலவியலாளருக்கு இருந்த சந்தேகம் சின்னது: இந்த ஒரு சென்டிமீட்டர் படிய எத்தனை வருடம் ஆகியிருக்கும்? அப்பா லூயி ஆல்வாரெஸ் இயற்பியலில் 1968ஆம் ஆண்டு நோபல் பரிசு வாங்கியவர். அவர் ஒரு வழி சொன்னார். விண்வெளித் தூசி எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூமியில் விழுந்துகொண்டே இருக்கிறது, அதில் இரிடியம் உண்டு, இரிடியத்தை அளந்தால் எவ்வளவு காலம் என்று கணக்குப் போடலாம்.

ஃபிராங்க் அசாரோ, ஹெலன் மிஷெல் என்ற வேதியியலாளர்கள் அளந்தார்கள். கடிகாரமாகப் பயன்படுத்த நினைத்தது வெடிகுண்டாக முடிந்தது. பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லைவிட இரிடியம் சுமார் 30 மடங்கு. டென்மார்க்கில் அதே பட்டையில் 160 மடங்கு, நியூசிலாந்தில் 20 மடங்கு. உலகம் முழுக்க ஒரே சமயத்தில் இவ்வளவு இரிடியம் கொட்ட வேண்டுமென்றால் சுமார் 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள சிறுகோள் ஒன்று மோதியிருக்க வேண்டும் என்று 1980இல் எழுதினார்கள். அப்போது அவர்கள் கையில் குழி இல்லை. குழி இல்லாமல் கல்லைச் சொன்ன தைரியம் எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

இரிடியமா? கோயில் கலசத்துல இருக்குமே, கோடிக்கணக்குல போகுமே, அதுவா சார்?

இந்தக் கேள்வி வராத வருடம் இல்லை. இரிடியம் பிளாட்டினத்தின் கூட்டாளி, ஓர் உலோகம், அவ்வளவுதான். இடி விழுந்த கலசத்தில் அது ஊறுவதும் இல்லை, அரிசியை இழுப்பதும் இல்லை. அந்தப் பேச்சோடு யாராவது முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அளவைச் சொல்கிறேன், கேளுங்கள். குப்பியோ களிமண்ணில் இருந்தது நூறு கோடியில் 9 பங்கு. ஒரு டன் மண்ணை அள்ளினால் 9 மில்லிகிராம். மூக்குத்திக்குக்கூடத் தேறாது. பூமி உருகிக் கிடந்த காலத்தில் இரும்போடு சேர்ந்து இரிடியமும் மையத்துக்கு இறங்கிவிட்டதால் மேலோட்டில் இவ்வளவு பஞ்சம். சிறுகோள்களில் அது பல ஆயிரம் மடங்கு அதிகம். அதனால்தான் கொஞ்சம் கூடினாலும் வெளியிலிருந்து வந்தது என்று சந்தேகம் வருகிறது.

அவ்ளோ பெரிய கல்லு விழுந்தா குழி இருக்கணுமே, எங்க இருக்கு?

மெக்சிகோவில், யுகடான் தீபகற்பத்தில். பெயர் சிக்சுலுப். பாதி நிலத்துக்கு அடியில், பாதி கடலுக்கு அடியில். மேலே பல நூறு மீட்டருக்குச் சுண்ணாம்புக்கல் படிந்து மூடிவிட்டதால் கண்ணால் பார்க்க முடியாது. எண்ணெய் தேடிய கிளென் பென்ஃபீல்டும் அந்தோனியோ கமார்கோவும் காந்தப்புல அளவுகளில் ஒரு வளையத்தைக் கவனித்து 1981இல் சொன்னார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆலன் ஹில்டிபிராண்ட் குழுவினர் 1991இல் எழுதிய பிறகுதான் ஊர் நம்பியது. அகலம் சுமார் 180 கிலோமீட்டர். ஒரு விளிம்பைச் சேலத்தில் வைத்தால் மறு விளிம்பு பெங்களூரைத் தாண்டி விழும். விழுந்த கல்லோ சேர்வராயன் மலை உயரத்தைப்போல ஆறு மடங்குக்கும் மேல் பெரியது.

2016இல் கடலடியில் 1,300 மீட்டருக்கும் மேல் துளை போட்டுக் கல்லை எடுத்தார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், கிடைத்தது எது என்பதைவிடக் கிடைக்காதது எது என்பது. அந்த வட்டாரம் முழுக்க ஜிப்சம் போன்ற கந்தகப் பாறை உண்டு. துளைபோட்டு எடுத்த கல்லிலோ அது ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆவியாகி வானத்துக்குப் போய்விட்டது. அது அங்கே போய் என்ன செய்தது என்பதை மெக்சிகோ தூரத்தைப் பற்றிய கேள்வியில் பாருங்கள்.

ஏற்காடு ஏரியே அப்படி கல்லு விழுந்த குழிதான்னு வேன் டிரைவர் சொன்னாரே?

படகுச் சவாரிக்கு ஆள் சேர்க்க நல்ல கதை. மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய ஏரி அது. கல் மோதிய இடத்தில் குவார்ட்ஸ் படிகத்துக்குள் அடிபட்ட கோடுகள் கட்டம் கட்டமாக இருக்கும். எரிமலையால்கூட அந்தக் கோடுகளைப் போட முடியாது. நிஜக் குழி பார்க்க ஆசை என்றால் மகாராஷ்டிரத்தில் லோணார் போங்கள். 1.8 கிலோமீட்டர் வட்டம், நடுவில் உப்பு ஏரி. டைனோசருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மிகவும் பின்னால் விழுந்தது.

மெக்சிகோவுல விழுந்ததுக்கு இங்க இருக்கறது ஏன் சாகணும்?

விழுந்த இடத்தில் செத்தவை கணக்கிலேயே சேராது. அதிர்ச்சி, சுனாமி, நெருப்பு எல்லாம் அக்கம்பக்கத்துக்கு. உலகத்துக்கு வந்தது வானம் வழியாக. மோதலில் உருகித் தெறித்த பாறை, மணி மணியாக ஆறி உலகம் முழுக்க விழுந்தது. காடுகள் எரிந்த கரி, நுண்தூசி, மேலே சொன்ன கந்தகம் மூன்றும் வானத்தின் மேலடுக்கில் ஏறிப் போர்வையாக நின்றன. அந்த உயரத்தில் மழை கிடையாது, எனவே சீக்கிரம் கழுவி இறங்காது.

வெயில் மறைந்தது. செடிக்கு வெயில்தான் சோறு. மாதக்கணக்கில் வெயில் இல்லை என்றால் இலை போகும், இலை தின்பது போகும், இலை தின்பதைத் தின்பது போகும். கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள்தான் அடுப்படி. அது அணைந்தால் மேலே இருக்கிற பந்தி முழுக்கக் காலி. என் மேஜை அம்மோனைட்டின் குஞ்சுகள் கடல் மேற்பரப்பில் மிதந்து வளர்ந்தவை. மேலே இருந்த தீனியும் போய், கந்தக மழையில் கடல்நீர் புளித்துப்போக, அவை தப்பவில்லை. கூடவே பல ஆண்டுகளுக்குக் குளிர்.

அப்ப முதலை, ஆமை, எலி எல்லாம் ஏன் சாகல?

பசி என்று சொன்னேனே, அதே பதில்தான். முதலை ஒருமுறை தின்றால் மாதக்கணக்கில் தாங்கும். ஆற்றிலும் குளத்திலும் இருந்தவை இலைக் குப்பை, மக்கிய கட்டை, புழு என்று பழைய சரக்கில் ஓட்டின. சின்னப் பாலூட்டிகள் வளைக்குள் இருந்துகொண்டு விதையும் பூச்சியும் தின்றன. பறவைகளில் ஒரு சில கூட்டம் தப்பியது. ஆக டைனோசர் வம்சம் முழுக்க அழியவில்லை, நாட்டுக்கோழியாக நம் வீட்டுக்கே வருகிறது. தரையில் 25 கிலோவுக்கு மேல் எடையுள்ளவற்றில் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை. பெரிய உடம்பு, பெரிய சாப்பாடு.

நம்ம நாட்டுலயே எரிமலை வெடிச்சுதாமே, அத விட்டுட்டு மெக்சிகோவுக்கு ஏன் போறீங்க?

விடவில்லை. இதுதான் இருப்பதிலேயே வம்பான கேள்வி. தக்காண எரிமலை என்றதும் கூம்பு மலை ஒன்று உச்சியில் புகைவதை நினைக்காதீர்கள். தரை நீள நீளமாகப் பிளந்து, குழம்பு வெள்ளம் போல ஓடி ஆறியது. அதன்மேல் அடுத்த வெள்ளம். இன்றைக்கும் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் என்று சுமார் 5 லட்சம் சதுரக் கிலோமீட்டர் மிஞ்சியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மகாபலேஷ்வர் பக்கம் மலைச்சரிவு படிக்கட்டு போல அடுக்கடுக்காகத் தெரிவது அதுதான். கிழக்கே ஆந்திராவின் ராஜமுந்திரி வரைக்கும் அந்தக் கல் இருக்கிறது. தெற்கே பெல்காம் பக்கத்தோடு நின்றுவிட்டது, தமிழ்நாட்டுக்கு வரவில்லை.

குழம்போடு கரியமில வாயுவும் கந்தக வாயுவும் வந்தன. கல் விழுவதற்குச் சில லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே உலகம் சில டிகிரி சூடேறி மறுபடி ஆறியிருக்கிறது. அதற்கு இந்தத் தக்காண எரிமலைதான் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். கெர்டா கெல்லர் என்ற நிலவியலாளர் பல ஆண்டுகளாக, கொலையாளி இதுதான், கல் இல்லை என்று வாதாடிவருகிறார். 2019இல் ஓர் அறிவியல் இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் தக்காணப் பாறையின் வயதை எழுதின. ஒரு குழு, பெரிய வெள்ளம் ஒன்று மோதலுக்குச் சில பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓடியது என்றது. இன்னொன்று, பெரும்பகுதி மோதலுக்குப் பின்னால்தான் ஓடியது என்றது. கல் விழுந்த அதிர்ச்சியில் இங்கே ஓட்டம் கூடியிருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு.

என் தரப்பைக் கேட்டால், நான் இறப்புப் படிவத்தில் கல்லை இரண்டாவது வரியில் எழுதுவேன், தக்காணத்தை மூன்றாவது வரியில். காரணம் வேகம். எரிமலை சுமார் 10 லட்சம் ஆண்டுகள் விட்டு விட்டு ஓடியது. குப்பியோவிலும் டென்மார்க்கிலும் நுண்ணுயிரிகள் மெல்லத் தேய்ந்து போகவில்லை, களிமண் பட்டையில் சடாரென்று நிற்கின்றன. மெல்லக் கொல்லும் நோய்க்கு அந்த முகவெட்டு இருக்காது.

25 கோடி வருஷத்துக்கு முன்னாடி இதவிடப் பெருசா ஒண்ணு நடந்துச்சாமே? அதுக்கும் கல்லுதானா?

அதற்குக் கல் இல்லை. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் என்ற காலத்தின் முடிவில், கடல் உயிரினங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் போயின. அந்தச் சமயத்தில் சைபீரியாவில் தக்காணத்தைவிடப் பெரிய குழம்பு வெள்ளம். அது ஓடிய வழியில் நிலக்கரிப் படுகையும் உப்புப் படுகையும் இருந்தன. அவையும் வெந்து வாயுவாகக் கிளம்பின. கடல் சூடேறி, ஆக்சிஜன் குறைந்து, புளித்தது. ஜார்க்கண்ட், வங்காள எல்லையில் தாமோதர் பள்ளத்தாக்கில் அந்த அழிவைத் தாண்டி வந்த லிஸ்ட்ரோசாரஸ் என்ற பன்றி அளவுப் பிராணியின் எலும்பு கிடைக்கிறது.

பெரிய அழிவுகள் என்று எண்ணுவது ஐந்து. அவற்றில் கல் மோதியது உறுதியாக நிற்பது கடைசி ஒன்றுக்கு மட்டும்தான். அதனால் எரிமலைக்காரர்களைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. மற்ற இடங்களில் அவர்கள் கைதான் ஓங்கியிருக்கிறது.

மும்பை கடல்ல 'சிவா'ன்னு இன்னொரு குழி இருக்குன்னு வாட்ஸ்அப்புல வந்துச்சே?

சங்கர் சட்டர்ஜி என்ற ஆய்வாளர் முன்வைத்த கருத்து அது. மும்பைக்கு மேற்கே கடலடியில் இருக்கும் பெரிய பள்ளம் அதே காலத்து மோதல் என்றார். ஏற்காடு ஏரிக்குச் சொன்ன அடையாளங்கள் அங்கே தெளிவாகக் கிடைக்காததால் பெரும்பாலான நிலவியலாளர்கள் ஏற்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் கடலடியில் நாடிர் என்று சுமார் 9 கிலோமீட்டர்க் குழி ஒன்றை 2022இல் அறிவித்தார்கள். அது மோதல் குழிதான். ஆனாலும் உலகத்தை அழிக்கிற அளவு இல்லை.

கல்லு விழறதுக்கு முன்னாடியே டைனோசர் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சாமே? அப்ப கல்லுக்கு ஏன் பழி?

நீட் படிக்கிற பையன் கேட்டது, கெட்டிக்காரக் கேள்வி. பல இடங்களில் கடைசி எலும்பு, களிமண் பட்டைக்குச் சில மீட்டர் கீழேயே நின்றுவிடும். ஆனால் கடைசியாகக் கிடைத்ததும் கடைசியாக வாழ்ந்ததும் ஒன்றல்ல. 25 பைசா நாணயம் 2011 ஜூனில்தான் செல்லாமல் போனது. பழைய பஸ் ஸ்டாண்டு மண்ணை வருடவாரியாகத் தோண்ட முடிந்தால், ஒரு ரூபாய் எல்லா அடுக்கிலும் கிடைக்கும். 25 பைசாவோ 2006, 2007 அடுக்கோடு நின்றுவிடலாம். அதை வைத்து 2007இலேயே செல்லாக்காசு ஆனது என்று சொல்ல முடியுமா? அரிதான பொருள், உண்மையில் மறைவதற்கு முன்பே மண்ணில் மறைந்ததுபோலத் தெரியும். 1982இல் சிக்னர், லிப்ஸ் என்ற இருவர் இதை எடுத்துச் சொன்னார்கள். டைனோசர் எலும்பு அரிதிலும் அரிது. கோடிக்கணக்கில் கிடைக்கும் நுண்ணுயிரி ஓடுகளில் அந்த இடைவெளி இல்லை, பட்டை வரைக்கும் வருகின்றன.

சில டைனோசர் கூட்டங்கள் தேய்ந்துகொண்டிருந்தன என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அந்தப் பேச்சு முடியவில்லை. தேய்வது வேறு, ஒன்றுகூட மிஞ்சாமல் போவது வேறு.

முட்டைய எலி தின்னுதான் டைனோசர் அழிஞ்சுதுன்னு எங்க ஸ்கூல் புக்குல படிச்சோமே?

அம்மோனைட் முட்டையை எந்த எலி போய்த் தின்றது? கடலையும் சேர்த்துச் சொல்லாத எந்தக் காரணமும் இந்த ஒரு கேள்வியில் விழுந்துவிடும். பூச்செடி ஒத்துக்கொள்ளவில்லை, தொற்றுநோய் வந்தது என்பவையும் இதே கணக்குதான். பக்கத்தில் நட்சத்திரம் வெடித்தது என்பது மட்டும் கொஞ்சம் வலுவான சந்தேகம். ஆல்வாரெஸ் குழுவே அதைச் சோதித்தது. அப்படி வெடித்திருந்தால் களிமண்ணில் புளுட்டோனியம் 244 இருக்க வேண்டும். இல்லை.

அந்தத் தூசி உலகம் பூரா விழுந்துச்சுன்னா சேலத்துல விழலையா? இங்க ஏன் பட்டை இல்ல?

விழுந்திருக்கும். சேலம் அப்போது பூமத்திய ரேகைக்குத் தெற்கே, இந்தியா ஆசியாவோடு ஒட்டாமல் வடக்கே வந்துகொண்டிருந்த காலம். நம் பாறை அப்போதும் தரைதான். தரையில் விழுந்த தூசி அடுத்த மழையில் ஓடிவிடும். தேங்கி மூடுகிற இடத்தில்தான் பட்டை நிற்கும். இந்தியாவில் இரிடியம் மிகுந்த களிமண் மேகாலயாவில் உம் சோரிங்க்யூ ஆற்றோரம் இருக்கிறது.

நமக்குப் பக்கத்தில் அரியலூர். மேற்கே இருந்த பழைய பாறைகள் அரித்து ஓடிவந்த மண் அங்கே கடலோரம் சேர்ந்தது. கல்லமேடு அடுக்கில் டைனோசர் எலும்பு இருக்கிறது. அதற்கு மேல் இருக்கும் நினியூர் அடுக்கு அழிவுக்குப் பிந்தியது, அதில் டைனோசரும் இல்லை, அம்மோனைட்டும் இல்லை. கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளுக்கு 1980களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புக்காரன் என்று அர்த்தம். அந்த எலும்பு மழையில் உதிர்ந்து மண்ணாகிவிட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

மறுபடி விழுமா சார்?

இப்போதைக்குப் பயமில்லை. ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துப் பாதை போட்டுவிட்டார்கள். அடுத்த நூறு ஆண்டுகளில் மோதும் என்று சொல்லும்படி அவற்றில் எதுவும் இல்லை. 2022 செப்டம்பரில் நாசா டார்ட் விண்கலத்தை டைமார்ஃபோஸ் என்ற சிறுகோள் மேல் மோதவிட்டு, அது தன் பெரிய கூட்டாளியைச் சுற்றிவரும் நேரத்தில் அரை மணிக்கு மேல் குறைத்துக் காட்டியது. டைனோசருக்கு அந்த வசதி இல்லை.

பிள்ளைங்களுக்கு நேர்ல காட்டணும், எங்க கூட்டிட்டுப் போறது?

ஆத்தூர் வழியாகப் பெரம்பலூர் போங்கள். முதலில் சாத்தனூர் கல்மரம். 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரம் விழுந்து கல்லான மரம். அப்புறம் அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம். தொப்பியும் தண்ணீரும் அவசியம், அங்கே நிழல் குறைவு. சுரங்கக் குழிக்குள் அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள், விளிம்பு சரியும்.

2009இல் நம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் கண்டதாகச் செய்தி வந்ததிலிருந்து அந்த வட்டாரத்தில் உருண்டையாக எது கிடைத்தாலும் முட்டைதான். 2020இல் குன்னத்தில் ஏரி தோண்டும்போது கிடைத்த உருண்டைகளுக்கும் அதே பெயர் கட்டினார்கள். பார்த்தால் அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகிய வெறும் உருண்டைகள். யாராவது உங்களிடம் ஒரு உருண்டையை நூறு ரூபாய்க்கு நீட்டினால் வாங்காதீர்கள். உடைந்த ஓரம் இருந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உள்ளே அறை அறையாகத் தெரிகிறதா என்று பிள்ளையே சொல்லட்டும்.